மாடியில் நின்றவர் யார்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று வானொலியில் ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். கண்ணுக்கு உரியதைக் காதுக்குக் கொடுப்பது கொஞ்சம் வேடிக்கையான முயற்சிதான். ஆனால் நம்பிக்கை கேட்பதால்தான் உண்டாகிறது என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதியிருக்கிறார். அந்தத் துணிவில் தொடங்குவோம்.

இரட்டைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமைத் திருப்பலியில், சாமுவேல் இரண்டாம் நூலின் 11-ஆம் அதிகாரம் முதல் வாசகமாக வருகிறது. தாவீது, பத்சேபா, உரியா ஆகிய மூவரின் கதை. சிறு வயது மறைக்கல்வி வகுப்பு முதல் நாம் கேட்டுவரும் கதை. அது வழக்கமாக எப்படிச் சொல்லப்படுகிறது? தாவீது நல்லவர், ஆண்டவரின் இதயத்துக்கு உகந்தவர். ஒருநாள் மாலை, மொட்டை மாடியில் குளித்துக்கொண்டிருந்த அழகிய பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டார், தடுமாறி விழுந்தார். ஆகவே இளைஞர்களே, கண்களைக் காத்துக்கொள்ளுங்கள்; பெண்களே, அடக்கமாய் இருங்கள்.

திருவிவிலியத்தைத் திறந்து இரண்டாம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மாடியில் இருந்தவர் தாவீது. படுக்கையிலிருந்து எழுந்து அரண்மனை மாடியில் உலாவிக்கொண்டிருந்தவரும், அங்கிருந்து கீழே பார்த்தவரும் அவரே. பத்சேபா மாடியில் குளித்ததாக ஓர் எழுத்துகூட இல்லை. எப்படியோ அந்த மாடியை அரசரிடமிருந்து வாங்கி அந்தப் பெண்ணின் காலடியில் வைத்துவிட்டோம். நான்காம் வசனமோ, அவர் தம் மாதவிலக்குத் தீட்டிலிருந்து தம்மைத் தூய்மைப்படுத்தியிருந்ததாகச் சொல்கிறது. அதாவது மோசேயின் சட்டம் ஒரு பெண்ணிடம் கேட்டதைச் செய்திருந்தார். போர்க்களத்தில் இருக்க வேண்டிய பருவத்தில் அரண்மனையில் தங்கிவிட்ட அரசரைப் பற்றித்தான் முதல் வசனம் குறைபட்டுக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாவீதைப் பற்றிப் பேசும்போது ‘அவர்’ என்கிறோம். பத்சேபாவைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் தானாகவே ‘அவள்’ வருகிறது. கதை எழுதப்பட்ட எபிரேய மொழியில் இந்த ‘அவர்’, ‘அவள்’ மரியாதை வேறுபாடு கிடையாது. அது நம் நாக்கு சேர்ப்பது. தவறு செய்தவருக்கு மரியாதைப் பன்மை, தவறு இழைக்கப்பட்டவருக்கு ஒருமை. இன்று ஒருநாளாவது பத்சேபாவையும் ‘அவர்’ என்றே சொல்வோம். இடையிடையே உங்களுக்குக் கொஞ்சம் குழம்பலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓவியத்துக்கு வருவோம். ஹாலந்து நாட்டின் ரெம்பிராண்ட் 1654-இல் வரைந்தது. இப்போது பாரிசில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லா காஸ் என்ற மருத்துவர் தம் ஓவியச் சேகரிப்பை எல்லாம் 1869-இல் அந்த அருங்காட்சியகத்துக்கு உயிலாக எழுதி வைத்தபோது, அவற்றோடு இதுவும் வந்தது. கித்தான் சதுரமானது, பக்கத்துக்கு 142 சென்டிமீட்டர். அந்தச் சதுரம் முழுவதையும் ஏறக்குறைய உயிருள்ள அளவில் ஒரு பெண் உருவம் நிரப்பியிருக்கிறது. குளித்து முடித்து ஆடையின்றி அமர்ந்திருக்கிறார் பத்சேபா. பக்கத்தில் வெள்ளைத் துணி. பின்னால் பொன்னிழை ஆடையொன்று இருட்டில் மங்கலாய் மின்னுகிறது. கீழே இடது மூலையில் ஒரு முதிய பணிப்பெண் குனிந்து அவருடைய பாதத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பத்சேபாவின் வலக்கையில் ஒரு கடிதம், அரசரின் கடிதம், முழங்காலருகே தளர்ந்து கிடக்கிறது.

ஆடையில்லாப் பெண்ணின் ஓவியத்தைப் பற்றி மறையுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆடையில்லா உருவங்களுக்குக் கீழேதான் கர்தினால்கள் கூடித் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்வோம். ரெம்பிராண்டின் பத்சேபா எவரையும் மயக்கும் சிலையுடல் கொண்டவர் அல்லர். வயிறு சற்றுச் சரிந்த, சதை கனத்த, வீட்டு வேலை செய்து பழகிய உடல். அந்த உடலை நோக்கி வந்த கண் அதிலேயே தங்கிவிட முடியாதபடி முகம் நம்மை இழுத்துவிடுகிறது.

அந்த முகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். தலை சற்றே கவிழ்ந்திருக்கிறது. கண்கள் கடிதத்தைப் பார்க்கவில்லை, வாசித்தாயிற்று. பணிப்பெண் இருக்கும் பக்கமாய் அவை தாழ்ந்திருந்தாலும் பணிப்பெண்ணையும் பார்க்கவில்லை. பணிப்பெண்ணோ பாதத்தில் கவனமாக இருக்கிறார். ஆக, அந்த ஓவியத்துக்குள் பத்சேபாவின் முகத்தைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. மேலே ஓர் உள்ளம் உடைந்துகொண்டிருக்கிறது. கீழே அன்றாட வேலை நடந்துகொண்டிருக்கிறது. குடும்பங்களில் பெண்களின் பெருந்துயரங்கள் பல இப்படித்தான் யாரும் நிமிர்ந்து பார்க்காமலே நடந்து முடிகின்றன.

இந்த ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஒன்று தெரிய வந்தது. ரெம்பிராண்ட் முதலில் அந்தத் தலையை நிமிர்த்தி வரைந்திருக்கிறார். பிறகு அதன் மேலேயே வண்ணம் தீட்டித் தலையைக் கவிழ்த்திருக்கிறார். ஏன்? பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால், 1643-இல், இதே பத்சேபாவை அவர் ஒருமுறை வரைந்திருந்தார். அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் பத்சேபா நிமிர்ந்து, நேராக நம்மைப் பார்க்கிறார்; ஒருத்தி கூந்தல் சீவுகிறாள், இன்னொருத்தி கால் நகம் திருத்துகிறாள்; தூரத்தில் அரண்மனை உச்சியில் தாவீது ஒரு சிறு புள்ளியாகத் தெரிகிறார். ‘பார்க்கப்படுவது எனக்குத் தெரியும்’ என்பது போன்ற முகம். மற்றவர்கள் எல்லாரும் வரைந்துவந்த பத்சேபா அது. நம் மனதில் இருக்கும் பத்சேபாவும் அதுதான். முப்பத்தேழு வயதில் அப்படி வரைந்த மனிதர் நாற்பத்தெட்டு வயதில் வேறுவிதமாக வரைகிறார். அரண்மனை போய்விட்டது, மாடி போய்விட்டது, தாவீதும் போய்விட்டார். எஞ்சியது ஒரு கடிதம்.

அதிகாரம் நேரில் வர வேண்டிய தேவையில்லை என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. ஓவியத்தில் வாள் இல்லை, காவலர் இல்லை, மிரட்டும் முகம் இல்லை. மடித்த தாள் ஒன்று. அது போதும். அந்தப் பெண்ணின் வீடு, கணவர், நற்பெயர், உடல் எல்லாம் அந்தத் தாளின் கனத்தில் அழுந்துகின்றன.

ஆனால் இங்கே திருவிவிலியம் அறிந்தவர் ஒருவர் கையை உயர்த்தலாம்: ‘சுவாமி, பத்சேபாவுக்குத் தாவீது கடிதம் எழுதியதாக விவிலியத்தில் இல்லையே!’ உண்மை. தாவீது ஆள்களை அனுப்பினார் என்றுதான் இருக்கிறது. பத்சேபாவின் கையில் கடிதத்தைக் கொடுத்தது ஓவியர்களின் வழக்கம். ஆனால் அந்த அதிகாரத்தில் தாவீது எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அது பதினான்காம் வசனத்தில் வருகிறது. உரியாவைப் போர் கடுமையாக நடக்கும் இடத்தில் முன்னணியில் நிறுத்தி, பிறகு பின்வாங்கி, அவர் வெட்டுண்டு சாகும்படி விட்டுவிட வேண்டும் என்று படைத்தலைவர் யோவாபுக்கு எழுதிய கடிதம். அதை எடுத்துச் சென்றவர் உரியாவே. தம் சாவுக்கான ஆணையைத் தம் கையாலேயே சுமந்து, பிரித்துப் பார்க்காமல், நேர்மையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரெம்பிராண்ட் வரைந்த கடிதத்தை நாம் பார்க்கும்போது, கதை தெரிந்த நமக்கு அந்த இரண்டாவது கடிதமும் அதற்குப் பின்னால் தெரிந்துவிடுகிறது. கணவரின் கையில் ஒன்று, மனைவியின் கையில் ஒன்று. எழுதிய கை ஒன்றே.

இந்த அதிகாரத்தில் ‘அனுப்பினார்’ என்ற வினைச்சொல் எத்தனை முறை வருகிறது என்று வீட்டில் எண்ணிப் பாருங்கள். யோவாபை அனுப்பினார், விசாரிக்க ஆள் அனுப்பினார், அழைத்து வர ஆள் அனுப்பினார், உரியாவை அனுப்பிவைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார், கடிதம் அனுப்பினார், இறுதியில் மீண்டும் ஆள் அனுப்பி அந்தப் பெண்ணைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அரசர் இருக்கும் இடத்தில் இருக்கிறார், மற்றவர்கள் நகர்த்தப்படுகிறார்கள். அதோடு இன்னொரு வினைச்சொல்லும் வருகிறது: ‘எடுத்துக்கொண்டார்’. மூல மொழியில் தாவீது ஆள் அனுப்பிப் பத்சேபாவை ‘எடுத்துக்கொள்கிறார்’. இந்தச் சொல்லை முன்பே எங்கோ கேட்டிருக்கிறோம். சாமுவேல் முதல் நூல், 8-ஆம் அதிகாரம். எங்களுக்கும் ஓர் அரசர் வேண்டும் என்று மக்கள் அடம்பிடித்தபோது, முதிய சாமுவேல் எச்சரித்தார்: அரசன் உங்கள் புதல்வரை எடுத்துக்கொள்வான், புதல்வியரை எடுத்துக்கொள்வான், வயல்களை எடுத்துக்கொள்வான். அதைத்தான் இந்தக் கதை நிறைவேற்றிக் காட்டுகிறது. அதுவும் மோசமான அரசனிடத்தில் அல்ல, இருப்பவர்களில் மிக நல்ல அரசரிடத்தில்.

‘ஏன் போனார்? மறுத்திருக்கலாமே?’ இந்தக் கேள்வி எப்போதும் வரும். நம் பங்குகளிலும் வருகிறது. மில்லில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ‘மேனேஜர் வரச் சொன்னார்’ என்று சொல்லி அனுப்பப்படுகிறது. அதன் பிறகு நடந்தது வெளியே தெரிந்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி, ‘இவள் ஏன் போனாள்?’ வரச் சொன்னவரை நோக்கி ‘ஏன் வரச் சொன்னாய்?’ என்று கேட்பவர் அபூர்வம். மறுப்பதற்கு என்ன விலை என்பதை இதே அதிகாரம் காட்டுகிறது. அரசரின் விருப்பத்துக்கு இணங்க மறுத்தவர் அதில் ஒருவர் உண்டு, அவர் உரியா. வீட்டுக்குப் போய் மனைவியோடு இரு என்று தாவீது சொன்னார். உடன்படிக்கைப் பேழையும் படைவீரரும் கூடாரங்களில் இருக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போவதா என்று உரியா மறுத்தார். மறுநாள் குடிக்க வைத்துப் பார்த்தார் தாவீது. அப்போதும் உரியா போகவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில்தான் கடிதம் எழுதப்பட்டது. உரியா யார்? தாவீதின் மாவீரர் பட்டியலில், 23-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், கடைசிப் பெயராக நிற்பவர். அப்படிப்பட்ட வீரரே மறுத்துப் பிழைக்கவில்லை. பத்சேபா எதைச் சொல்லித் தப்பியிருக்க வேண்டும் என்கிறோம்?

தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் கதையை இங்கே நினைக்கத் தோன்றும். அவர் மறுத்தார், பொய்ச் சாட்சியால் சாவுக்கு அனுப்பப்பட்டார், கடவுள் ஓர் இளைஞனை எழுப்பியதால் பிழைத்தார். சூசன்னாவைப் புகழ்வது சரியே. அந்தப் புகழ்ச்சியைத் தூக்கிப் பத்சேபாவின் மேல் கல்லாக எறிவதுதான் சரியில்லை.

அப்படியானால் அந்த முகத்தில் இருப்பது என்ன உணர்ச்சி? துயரமா, அச்சமா, கணவரைப் பற்றிய நினைவா, தன்னையே இழந்துகொண்டிருக்கும் களைப்பா? ஓவியத்தைப் பற்றி எழுதியவர்கள் பலவாறு சொல்கிறார்கள். ஆவல் கலந்த தயக்கம் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொண்ட ஒருவரின் முகமாகவே அது நமக்குப் படுகிறது. திருவிவிலியம் அவருடைய மனதைப் பற்றி அந்த இடத்தில் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை மனிதர் நிரப்பினர். நிரப்பும்போது மாடியில் நின்றவருக்கு வசதியான உணர்ச்சியையே நிரப்பினர். ரெம்பிராண்ட் கீழே இறங்கி வந்து, அந்தப் பெண் அமர்ந்திருந்த அறைக்குள் நின்று பார்த்திருக்கிறார். ஆனாலும் ஒன்று. தாவீதை ஓவியத்திலிருந்து எடுத்துவிட்டதால் அவர் நின்ற இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது நிற்பது ஓவியத்தைப் பார்க்கும் நாம். குளித்த உடலைக் காண்பவரும் நாமே, முகத்தைக் காண்பவரும் நாமே. எதைக் காணப் போகிறோம் என்பதை அந்த ஓவியம் நம் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

பத்சேபாவின் உணர்ச்சியை விவிலியம் அடியோடு மறைத்துவிடவில்லை. 26-ஆம் வசனம் இருக்கிறது: தம் கணவர் இறந்துவிட்டதைக் கேள்வியுற்றபோது அவருக்காகப் புலம்பி அழுதார். இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை வாசகம் 17-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை வாசகம் 12-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த அழுகை இரண்டு வாசகங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. பீடத்திலிருந்து அது நம் காதில் விழுவதில்லை. சனிக்கிழமை நாம் கேட்பது தாவீதின் உணர்ச்சிகளை. கோபப்படுகிறார், நோன்பிருக்கிறார், தரையில் கிடக்கிறார், குழந்தைக்காக மன்றாடுகிறார். அவை உண்மையான உணர்ச்சிகளே. அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. அதிகாரம் உடையவரின் கண்ணீருக்கு எப்போதும் பார்வையாளர் உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

நாத்தான் இறைவாக்கினரின் உவமையை நீங்கள் அறிவீர்கள். செல்வனிடம் ஆடுமாடுகள் ஏராளம். ஏழையிடம் ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அவனுடைய உணவை உண்டு, அவனுடைய கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் மகளைப்போல் வளர்ந்தது. விருந்தாளி வந்தபோது செல்வன் அந்தக் குட்டியைப் பறித்துச் சமைத்தான். தாவீது கொதித்தெழுகிறார்: அவன் சாக வேண்டும்! ஆட்டுக்குட்டிக்காகச் சினம் பொங்கிய அதே நெஞ்சில், பத்சேபாவை அழைத்து வரச் சொன்னபோதோ, உரியா இறந்த செய்தி வந்தபோதோ ஒன்றும் பொங்கவில்லை. வாள் இவனையும் விழுங்கும் அவனையும் விழுங்கும் என்று யோவாபுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியவர் அவர். அநீதி பிறர் வீட்டில் நடந்தால் நம் கண் கலங்கிவிடும். நாம் செய்தால் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்வோம். நாத்தான் அதை அறிந்தே கதை வழியாய்ப் போனார்.

அந்த உவமையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதில் குற்றவாளி ஒருவன், செல்வன். ஆட்டுக்குட்டியை நாத்தான் கடிந்துகொள்ளவில்லை. வேலியருகே ஏன் மேய்ந்தாய் என்று கேட்கவில்லை. கடவுள் அனுப்பிய இறைவாக்கினரே பத்சேபாவின் மேல் ஒரு சொல்லும் சொல்லாதபோது, அவருக்குப் பின் வந்த நமக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்கள்?

ஓவியத்துக்குத் திரும்புவோம். அதற்கு முன்மாதிரியாக அமர்ந்தவர் ஹென்றிக்கியே ஸ்டோஃபல்ஸ் என்று பலரும் கருதுகிறார்கள். ரெம்பிராண்டின் வீட்டில் பணிபுரிய வந்து, பிறகு அவரோடு திருமணமின்றி வாழ்ந்தவர். மனைவி சாஸ்கியா 1642-இல் இறந்துவிட்டார். மறுமணம் செய்தால் அவர் உயில்வழி வந்த சொத்தின் பயனை ரெம்பிராண்ட் இழக்க நேரும். இந்த ஓவியம் வரையப்பட்ட அதே 1654-இல், ஆம்ஸ்டர்டாம் நகரின் சீர்திருத்தச் சபை ஹென்றிக்கியேவை விசாரணைக்கு அழைத்தது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். அவர்மேல் குற்றம் சுமத்தி, கண்டித்து, திருவிருந்தில் பங்குபெறத் தடை விதித்தது. ரெம்பிராண்டுக்கு அப்படி ஒரு தண்டனை கிடைக்கவில்லை. அக்டோபரில் கொர்னேலியா என்ற மகள் பிறந்தாள். அழைப்பாணை வந்த பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று அந்த ஆண்டு ஓவியர் தம் வீட்டிலேயே கண்டிருப்பார் என்று நினைப்பதில் தவறில்லை. அந்த உறவில் ரெம்பிராண்டின் பங்கு என்ன, சொத்தைக் காக்க ஒரு பெண்ணின் பெயரைப் பணயம் வைத்தது நியாயமா என்றும் நாம் கேட்க வேண்டும். அவரும் தம் வீட்டின் மாடியில் நின்றவரே.

அது கால்வினியச் சபை, நம் சபை அல்ல என்று நாம் நிம்மதியடைய இடமில்லை. ஒரு வீட்டுப் பிரச்சினை பங்குக்கு வரும்போது, முதலில் யாரை அழைத்துக் கண்டிக்கிறோம் என்று பங்குப் பேரவையில் இருப்பவர்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் எண்ணிப் பார்க்கலாம். குருக்களாகிய நமக்கு இன்னும் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ‘சாமி வரச் சொன்னார்’ என்ற மூன்று சொற்களுக்கு நம் ஊர்களில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். எளியவர் ஒருவர் அதைக் கேட்டால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வருவார். அந்தக் கனத்தை நாம் சம்பாதிக்கவில்லை. ஆண்டவரின் பெயரால் அது நமக்குக் கடனாகத் தரப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம் ஒன்று, ‘நீங்கள் உலகின் ஒளி’ என்ற ஆண்டவரின் சொல்லோடு தொடங்குகிறது. குருக்களும் துறவியரும் செய்யும் பாலியல் குற்றங்களைப் பற்றிய அந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே, வன்முறை, அச்சுறுத்தல் ஆகியவற்றோடு அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி இணங்க வைப்பதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை அறியவரும் குருவும் துறவியும் உரிய அதிகாரியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்றும் அது சொல்கிறது. கத்தி காட்டவில்லையே, அந்தப் பெண் சத்தம் போடவில்லையே என்ற சாக்குகளுக்கு அங்கே இடமில்லை. தாவீதும் கத்தி காட்டவில்லை.

இனி, வெள்ளிக்கிழமைதோறும் திருச்சபை காலைப் புகழில் சொல்லும் திருப்பாடல் 51-க்கு வருவோம். நாத்தான் வந்து கண்டித்த பின் தாவீது பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. மனம் வருந்துவோர் எல்லாருக்கும் வாயாக இருந்துவரும் பாடல். அதில் பாடுபவர், கடவுளுக்கு எதிராகவே தாம் பாவம் செய்ததாகக் கதறுகிறார். சிந்திக்கும் ஒருவர் இங்கே நின்று கேட்பார்: உரியாவுக்கு எதிராக இல்லையா? பத்சேபாவுக்கு எதிராக இல்லையா? எளியவருக்கு இழைத்த தீங்கு கடவுளையே தொடுகிறது, அதனால்தான் அப்படிப் பாடுகிறார் என்பது இறையியலார் தரும் நல்ல பதில். ஆனால் அந்தப் பதிலை ஒருவர் தப்பிக்கும் வழியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். கடவுளிடம் கணக்குத் தீர்த்துவிட்டேன், மனிதரிடம் தீர்க்க ஒன்றுமில்லை என்று. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் எண்ணில் இதற்கு இடம் கொடுக்கவில்லை. பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. ஆனால் அது விளைவித்த சேதங்களை எல்லாம் சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தர வேண்டும். கெடுத்த நற்பெயரை மீட்டுத் தர வேண்டும். பத்சேபாவுக்கு அந்த வகையில் ஒரு கடன் நிலுவையில் இருக்கிறது.

தூய மத்தேயு அதில் ஒரு பகுதியைக் கட்டினார் என்று சொல்லலாம். டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் ஆண்டவர் இயேசுவின் மூதாதையர் பட்டியல் வாசிக்கப்படும். பெயர்களைக் கேட்டுக் கொட்டாவி விடுபவர்களும் உண்டு, மன்னித்துவிடலாம். தாமார், இராகாபு, ரூத்து என்று பெண்களைப் பெயர் சொல்லி எழுதும் மத்தேயு, சாலமோனின் தாயிடம் வந்ததும் பெயரை எழுதாமல் ‘உரியாவின் மனைவி’ என்கிறார். அவரை வெட்கப்படுத்தவே பெயரை விட்டுவிட்டார் என்று சிலர் விளக்குவர். அது சரியான விளக்கமாகத் தோன்றவில்லை. உரியா இயேசுவின் குருதிவழி முன்னோர் அல்லர். அவர் பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெற எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் தாவீதின் பெயருக்குப் பக்கத்திலேயே அவரை நிறுத்திவிட்டார் மத்தேயு. கொன்றவரின் பெயர் வாசிக்கப்படும் இடத்தில் கொல்லப்பட்டவரின் பெயரும் வாசிக்கப்படுகிறது. அந்தப் பெண் இறுதிவரை யாருடைய மனைவியாக இருக்க விரும்பியிருப்பாரோ, அவருடைய மனைவியாகவே நற்செய்தியில் நிற்கிறார்.

இந்த வாரம் வீட்டில் ஒன்று செய்து பார்ப்போம். வெள்ளிக்கிழமை திருப்பாடல் 51-ஐச் சொல்லும் முன், குடும்பத்தில் ஒருவர் சாமுவேல் இரண்டாம் நூலின் 11-ஆம் அதிகாரத்தை உரக்க வாசிக்கட்டும். மொத்தம் 27 வசனங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. தாவீது பேசுவார், உரியா பேசுவார், யோவாபு பேசுவார், தூதர்கள் பேசுவார்கள். பத்சேபா சொல்லி அனுப்பும் ஒரே செய்தி ஐந்தாம் வசனத்தில் வரும். எபிரேயத்தில் அது இரண்டே சொற்கள். அங்கு வந்ததும் வாசிப்பவர் ஒரு நொடி நிறுத்திவிட்டு, பிறகு தொடரட்டும்.